பொதுவில் வைத்த பங்கு

நாம் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். தமிழ் கற்பிப்பது இராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகப் பேருந்தில் போய் வருகிறோம். ஒரு நகராட்சியின் எல்லை எங்கே முடிகிறது, மற்றதன் எல்லை எங்கே தொடங்குகிறது என்று ஒருநாளும் நாம் கவனித்ததில்லை. கவனிக்க வேண்டிய தேவை நேராததே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் புறநானூற்று வகுப்பொன்றில் கணியன் பூங்குன்றனாரின் பாடலை நடத்தி முடித்து, தமிழாசிரியர்களுக்கே உரிய பழக்கத்தில் அதை ஐக்கிய நாடுகள் சபை, ஐரோப்பிய ஒன்றியம் என்று விரித்துக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். நம் மாவட்டத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களுள் ஒன்றிலிருந்து வருபவர், அங்கேயே பிறந்தவர்.

"ஐயா, எங்கட சித்தப்பா பிரான்சில இருக்கிறார். போன மாசம் ஜெர்மனியில ஒரு கல்யாணத்துக்குக் காரிலேயே போய் வந்தாராம். வழியில ஆரும் ஒண்டும் கேக்கேல்லையாம். எங்கட அம்மம்மா மன்னாரில இருக்கிறா. நான் போய்ப் பார்த்திட்டுத் திரும்பி வரேலாது. அவங்களுக்கு மட்டும் எப்படி ஐயா முடியுது?"

இரண்டு உலகப் போர்களில் கோடிக்கணக்கானோரைப் பலிகொடுத்த பிறகு ஐரோப்பியர்களுக்குப் புத்தி வந்தது என்று விடை சொன்னோம். அவர் சற்றுநேரம் நின்றார். "சண்டை இங்கயும்தானே ஐயா நடந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மணி அடித்துவிட்டது. அந்த மணிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அன்று சொல்லாமல் விட்ட விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

*

போர் அனுபவம் மட்டுமே நாடுகளை ஒன்றுசேர்க்குமானால் தெற்காசியா என்றோ ஒன்றுபட்டிருக்க வேண்டும். பண்பாட்டு உறவு மட்டுமே போதுமென்றாலும் அப்படித்தான். ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் மதுரைக்கு அழகரிடமும், புரட்டாசியில் திருமலைக்கும் இன்றும் போகிறது. பங்குனித் திருக்கல்யாணத்துக்குத் திருமலையிலிருந்து பட்டு வருகிறது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960இல் திருத்தணி நமக்கு வந்தது. மாலையின் பயணம் நிற்கவில்லை. ஆயினும் மாலை போகிற அதே எல்லையில் பாலாற்றுத் தண்ணீர் பற்றிய வழக்கும் நின்றபாடில்லை. அன்பு மாலையைக் கொண்டுபோகும், தண்ணீரைப் பங்குவைக்காது. பங்குவைப்பதற்கு வேறொன்று தேவைப்படுகிறது.

அந்த வேறொன்று எது என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் தொடக்கமே காட்டுகிறது. 1950 மே 9ஆம் நாள் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் இராபர்ட் ஷூமன் முன்வைத்த யோசனையில் உலக ஒற்றுமை பற்றிய பேச்சைவிட நிலக்கரியும் எஃகுமே முதன்மையாக இருந்தன. துப்பாக்கியும் பீரங்கியும் செய்ய இவ்விரண்டும் வேண்டும். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் தத்தம் நிலக்கரி, எஃகு உற்பத்தியை இருவருக்கும் மேலான பொது ஆணையம் ஒன்றின் கையில் ஒப்படைத்துவிட்டால், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தமாக இயலாது. இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியனவும் சேர்ந்து, 1951இல் பாரிசில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. 1957இல் உரோம் ஒப்பந்தம், 1968இல் சுங்க ஒன்றியம், 1993இல் ஒற்றைச் சந்தை, 2002இல் கையில் புழங்கும் யூரோ நாணயம் என்று அது வளர்ந்தது.

இந்த வரலாற்றில் நமக்கு முதன்மையாகப் படுவது ஒன்றே. முதல் நாளிலேயே அவர்கள் ஒரு சிறு பொருளில் 'என் வழக்குக்கு நானே நீதிபதி' என்ற உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். மற்றவை எல்லாம் அதன் மேல் எழுந்த கட்டடம். ஒன்றியம் என்பது உள்ளத்தின் நெருக்கத்தால் ஆவதன்று. ஒவ்வொருவரும் பொதுவில் வைத்த பங்கினால் ஆவது.

*

இது எப்படி நடக்கிறது என்று புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். ஆணையம் ஓரிடம், நாடாளுமன்றம் வேறிடம், நீதிமன்றம் மற்றோரிடம். பிரசல்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், லக்சம்பர்க், பிராங்க்பர்ட் என்று தலைமையகங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பேதும் இருக்க வேண்டியதில்லை. 1985 வரை நாம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தோம். அதன் ஆட்சியர் அலுவலகமோ மதுரை நகரில் இருந்தது. அவ்வாண்டு மாவட்டம் பிரிந்தபோது ஆட்சியர் அலுவலகம் விருதுநகருக்குப் போயிற்று. மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆலைகள் இராஜபாளையத்தில், அச்சும் பட்டாசும் சிவகாசியில். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும்போது நம் இரண்டு ஊர்களும் தென்காசித் தொகுதியில் சேர்ந்துவிடும். மேல்முறையீடு என்றால் 2004இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.

ஒருவனே ஒரே நாளில் நிர்வாகத்துக்கு ஓர் ஊருக்கும், நீதிக்கு ஓர் ஊருக்கும், வாக்குக்கு மற்றோர் ஊருக்கும் உரியவனாக இருப்பது நமக்குக் குழப்பமாகத் தோன்றுவதில்லை. ஐரோப்பாவும் இவ்வாறே. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு. எல்லைச் சோதனையற்ற ஷெங்கன் ஏற்பாட்டில் இல்லை. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. டென்மார்க் ஒன்றியத்தில் உண்டு, யூரோவை ஏற்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வட்டம். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அலுவலகங்களை ஒரே நகரில் குவிக்காமல் பங்கிட்டதும் சிக்கனத்துக்காக அன்று. ஒரே ஊர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்ற மனக்குறை மற்றவர்களுக்கு வரலாகாது என்பதற்காகவே.

முடிவெடுக்கும் முறைக்கு வருவோம். ஆணையம் சட்ட முன்வரைவைத் தருகிறது. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் அவையும், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றமும் சேர்ந்து அதை நிறைவேற்றுகின்றன. அமைச்சர் அவையில் பெரும்பாலான பொருள்களுக்கு இரட்டைக் கணக்கு: நாடுகளில் 55 விழுக்காடு, அதாவது 27இல் 15 இசைய வேண்டும்; அவற்றின் மக்கள்தொகை ஒன்றியத்தின் மொத்தத்தில் 65 விழுக்காடாகவும் இருக்க வேண்டும். பெரிய நாடுகள் மட்டும் கூடிச் சிறியவற்றை அமுக்க முடியாது. சிறியவை மட்டும் கூடிப் பெரியவற்றை மடக்கவும் முடியாது. வரி, வெளியுறவு போன்ற சிலவற்றுக்கு மட்டும் எல்லாரும் இசைய வேண்டும். அந்தச் சிலவற்றில்தான் இன்றும் வண்டி அடிக்கடி நின்றுவிடுகிறது.

நீதிமன்றத்தின் கதை இதைவிடச் சுவையானது. மிலான் நகரத்து வழக்கறிஞர் ஒருவர், மின் நிறுவனங்களை இத்தாலிய அரசு தனதாக்கிக்கொண்டதை எதிர்த்துச் சொற்பமான ஒரு மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். அந்த வழக்கில்தான் 1964இல், தேசியச் சட்டமும் பொதுச் சட்டமும் மோதினால் பொதுச் சட்டமே மேலோங்கும் என்ற நெறி நிலைபெற்றது. பிரெஞ்சுப் பழமது ஒன்றை, தன் சட்டம் கேட்கும் அளவுக்கு அதில் சாராயம் இல்லை என்று ஜெர்மனி தடுத்தது. ஒரு நாட்டில் முறைப்படி விற்கப்படும் பொருளைத் தக்க காரணமின்றி மற்றொரு நாடு தடுக்கலாகாது என்று 1979இல் நீதிமன்றம் தீர்த்தது. ஒற்றைச் சந்தையின் அடித்தளம் அந்தப் புட்டியிலிருந்து எழுந்தது என்றால் மிகையாகாது.

*

இதன் பயன் நம் ஊர்ப்பக்கம் வரை வந்து சேர்கிறது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். வெளுத்த துணி வெயிலில் காயும். அங்கே நெய்த காஸ் துணி ஐரோப்பாவுக்குள் மருத்துவப் பொருளாக நுழைய வேண்டுமானால் அவர்களுடைய விதிகளை நிறைவேற்றிச் 'சி.இ.' முத்திரை பெறவேண்டும். 2021 மே முதல் அவ்விதிகள் மேலும் கடுமையாகியுள்ளன. பெறுவது கடினம், செலவும் அதிகம். ஆனால் ஒருமுறை பெற்றுவிட்டால் போர்ச்சுகல் முதல் பின்லாந்து வரை ஒரே முத்திரை செல்லும். நம் அண்டை நாடுகளுக்கு அனுப்புவதென்றால் ஒவ்வொரு தலைநகரிலும் தனித்தனியாகக் கதவைத் தட்ட வேண்டும். தொலைவில் உள்ள 27 நாடுகள் ஒரே கதவு. பக்கத்தில் உள்ள நாடுகள் தலைக்கு ஒரு கதவு.

நமக்கும் ஓர் அமைப்பு இல்லாமல் இல்லை. 1985 டிசம்பர் 8ஆம் நாள் டாக்காவில் ஏழு நாடுகள் கூடிச் சார்க் அமைப்பைத் தொடங்கின; 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. காத்மாண்டுவில் செயலகமும் இருக்கிறது. அதன் சாசனத்தின் பத்தாம் பிரிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது: எல்லா முடிவுகளும் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும், இருதரப்புப் பிணக்குகளும் சர்ச்சைக்குரியவையும் பேச்சுக்கே எடுத்துக்கொள்ளப்படலாகாது. இதைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது கூட்டுக்குடும்பக் கூடத்தில் பங்காளிகள் கூடி, சொத்தைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு காப்பி குடித்துவிட்டுக் கலைவதுதான். 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்ததே கடைசி உச்சி மாநாடு. 2016இல் இஸ்லாமாபாதில் நடக்கவிருந்தது நடக்கவில்லை. தெற்காசியத் தாராள வணிக ஒப்பந்தம் 2006 முதல் ஏட்டில் நடைமுறையில் உள்ளது. ஆயினும் தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 5 விழுக்காடே என்று உலக வங்கி பலமுறை சுட்டியிருக்கிறது. ஐரோப்பாவில் இது பாதிக்கும் மேல்.

இந்தியாவும் இலங்கையும் தனியாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் நடந்த வனஸ்பதிக் கதை படிப்பினை நிறைந்தது. பாமாயிலுக்கு இந்தியாவில் இறக்குமதி வரி அதிகம், இலங்கையில் குறைவு. உடனே வனஸ்பதி ஆலைகள் இலங்கையில் எழுந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த எண்ணெய் அங்கே வனஸ்பதியாகி, இலங்கைப் பொருள் என்ற பெயரில் வரியின்றி இங்கே வந்து குவிந்தது. 2006இல் இந்தியா அளவுக் கட்டுப்பாடு விதித்தது, ஆலைகள் முடங்கின. இருவருக்குமிடையே வரி இல்லை, ஆனால் வெளியாருக்கு ஆளுக்கொரு வரி என்றால் புழக்கடை வழியாகப் பொருள் வரத்தான் செய்யும். ஐரோப்பியர்கள் 1968லேயே வெளியாருக்கு ஒரே வரி என்று முடிவு செய்ததன் காரணம் இதுவே. பாதி ஒன்றியம் சில வேளைகளில் ஒன்றியமின்மையைவிட அதிகப் பகையை வளர்க்கும்.

*

இவ்வளவு சொன்னபின், சிறிய அயலாரின் அச்சத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இலக்கிய வாசகர்களுக்கு இது நன்கு விளங்கும். தனுஷ்கோடி வழியாகப் போட் மெயில் ஓடிய காலத்திலும் அதன் பின்னும் தமிழகத்து வார இதழ்களும் மலிவுப் பதிப்புகளும் இலங்கைச் சந்தையை நிறைத்தன. அங்கிருந்து இங்கே வந்தவை அரிது. கதவு இருபுறமும் திறந்துதான் இருந்தது. வெள்ளம் ஒருபுறமாகவே பாய்ந்தது. ஈழத்து எழுத்தாளர்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு தமிழக இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ந்து மலிவு விலையில் வெளியிட்டது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' முதலிய இதழ்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. தமிழக வாசகரான நமக்கு இது கசக்கும் உண்மை. ஒரே மொழி என்று நாம் உரிமை கொண்டாடிய இடத்தில், அவர்கள் தம் குரல் அமுங்கிப்போகிறது என்று கருதினார்கள். நம்மைத் தடுத்து நிறுத்திய பிறகே அவர்களுடைய வட்டார வாழ்வு நாவலில் பெருகிற்று.

தெற்காசிய மக்கள்தொகையில் ஏறக்குறைய முக்கால்பங்கு இந்தியாவினுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகப்பெரிய நாடான ஜெர்மனியின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இவ்வளவு பெரிய அயலான் 'கதவைத் திற' என்று கேட்கும்போது, திறந்த பிறகு வீடு யாருடையது என்ற ஐயம் எழுவது இயல்பே.

அந்த ஐயத்துக்கு ஐரோப்பா மூன்று வகையில் விடை தேடியது. முதலாவது, சிறியவருக்குக் கூடுதல் குரல். நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. தலைக்கணக்குப் பார்த்தால் மால்டாவுக்கு ஓர் இடம்கூட வராது. இரண்டாவது, இழப்பவருக்கு ஈடு. ஒன்றியத்தின் செலவுத்திட்டம் உறுப்பு நாடுகளின் வருமானத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடே. அதில் மூன்றில் ஒரு பங்களவு பின்தங்கிய வட்டாரங்களுக்குப் போகிறது. மூன்றாவது, மொழி. 24 மொழிகள் அலுவல் மொழிகள். சட்டம் எல்லா மொழிகளிலும் வெளியாக வேண்டும். அரை மில்லியன் பேர் பேசும் மால்டீய மொழியில் ஒருவர் ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதினால் அதே மொழியில் பதில் பெறும் உரிமை அவருக்கு உண்டு. ஏழு கோடிப்பேரின் மொழியான தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்க வேண்டுமென்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியதையும், அதற்கு ஒப்புதல் கிடைக்காமல் போனதையும் இங்கே எண்ணாதிருக்க முடியவில்லை.

இவையெல்லாம் ஐரோப்பியர்க்கே கைவரும், நமக்கு வராது என்பாரும் உளர். அதை நாம் ஏற்பதற்கில்லை. 2017 ஜூலைக்கு முன் இராஜபாளையத்திலிருந்து கொல்லத்துக்குப் போகும் லாரி புளியரையிலும் ஆரியங்காவிலும் நின்றே ஆகவேண்டும். ஓட்டுநர்கள் லாரிக்கடியில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிய காலம் உண்டு. ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரிச் சாவடிகள் மூடப்பட்டன. அதை நடத்தும் மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்களில் சிக்கிமும் உத்தரப்பிரதேசமும் ஒரே எடை. வருவாய் இழக்கும் மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சி என்று கணக்கிட்டு ஐந்தாண்டு ஈடு வழங்கப்பட்டது. குறைகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசு இசையாமல் எதுவும் நடவாது என்பது முதற்குறை. 2022 ஜூனில் ஈடு நின்றபோது தமிழகம் உட்படப் பல மாநிலங்கள் முறையிட்டன. ஆயினும் பொதுவில் வைத்த பங்கு, எண்ணிப் போட்ட வாக்கு, இழப்பவருக்கு ஈடு என்ற மூன்றும் அதில் உள்ளன. முறை நமக்குத் தெரியும்; அதை எல்லைக்கு அப்பால் கொண்டுபோகும் துணிவே இல்லை.

*

ஐரோப்பாவை அண்ணாந்து பார்த்து வணங்குவது நம் நோக்கமன்று. பொது நாணயத்தை வைத்துக்கொண்டு பொதுக் கருவூலத்தை வைக்காததன் விலையைக் கிரேக்கம் 2010க்குப் பின் கொடுத்தது; 2013இல் அங்கே உழைக்கும் வயதினரில் நால்வரில் ஒருவருக்கு மேல் வேலையின்றி இருந்தார். 2016 ஜூனில் பிரிட்டன் 52க்கு 48 என்று வாக்களித்து, 2020 ஜனவரி 31இல் வெளியேறியது. உள்ளே எல்லையை அழித்தவர்கள் வெளியே எழுப்பிய மதிலின் கீழ், மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான அகதிகள் மூழ்கினார்கள். ஒன்றியம் தன் உறுப்பினரிடம் காட்டும் நீதியை எல்லாரிடமும் காட்டுவதில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரிட்டன் போனபோது ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. மீனுக்கும் சுங்கத்துக்கும் வழக்காடி, கையெழுத்திட்டுப் பிரிந்தார்கள். பிரிவதற்கும் ஒரு விதி எழுதி வைத்திருந்தது அந்த ஒன்றியத்தின் பெருமை.

மீன் என்றதும் பாக் நீரிணை நினைவுக்கு வருகிறது. 1974லும் 1976லும் இந்தியாவும் இலங்கையும் கடலில் கோடு போட்டன. மீன் கோட்டை அறியாது. நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் கோட்டைக் கடந்து போகின்றன. அங்குள்ள கடற்படை பிடிக்கிறது. நம் மீனவர்கள் சிறையில் வாடுகிறார்கள். மறுபுறம், அறுந்துபோன வலைகளோடு கரையில் நிற்கும் வடமாகாண மீனவரும் தமிழரே. அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது. இரு கரையும் ஒரே மொழி பேசுகின்றன. அடிக்கடி பேச்சுவார்த்தையும் நடக்கிறது. இல்லாதது, இரு நாடும் கட்டுப்படும் ஒரு பொது ஆணையம். ஐரோப்பிய அமைச்சர்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் கூடி, எந்தக் கடலில் எந்த மீன் எத்தனை டன் பிடிக்கலாம், அதில் யாருக்கு எவ்வளவு என்று விடியவிடியச் சண்டையிட்டுப் பங்கிடுகிறார்கள். சண்டை மேசைமேல் நடக்கிறது, கடலில் அல்ல.

அத்தகைய ஆணையம் இத்துணைக்கண்டத்துக்குப் புதிதும் அன்று. 1960ஆம் ஆண்டுச் சிந்து நதி ஒப்பந்தம் நிலையான ஆணையத்தையும், பிணக்கு வந்தால் நடுநிலை வல்லுநரையும் வைத்தது. 1965, 1971, 1999 போர்களின்போதும் அது நின்றது. 2025 ஏப்ரலில் பகல்காம் கொலைகளுக்குப் பின் இந்தியா அதை நிறுத்திவைத்தது. அறுபத்தைந்து ஆண்டு நின்ற ஏற்பாடும் அரசியல் உறுதி தளர்ந்தால் நிற்காது என்பது பாடம். பகைவர்களும் அறுபத்தைந்து ஆண்டு தண்ணீரைப் பங்கிட முடிந்தது என்பது அதைவிடப் பெரிய பாடம். எனவே எட்டு நாட்டுத் தலைவர்கள் கைகோத்து நிற்கும் படத்துக்காகக் காத்திராமல், பாக் நீரிணை மீனைப் போன்ற ஒரு சிறு பொருளில், இரண்டே நாடுகள், 'இதில் நான் மட்டும் நீதிபதி அல்லேன்' என்று ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்கலாம் என்பதே நாம் சொல்ல விரும்புவது. நிலக்கரியில் தொடங்கியவர்கள் மாணவரின் சித்தப்பாவைத் தடையின்றிக் கல்யாணத்துக்கு அனுப்பும் இடத்துக்கு வந்து சேர நாற்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. நமக்கும் ஆகும். ஆனால் தொடங்காத பயணத்துக்கு ஆண்டுக்கணக்கு ஏது?

அந்த மாணவரைச் சென்ற ஆண்டு பேருந்து நிறுத்தத்தில் பார்த்தோம். பட்டம் பெற்றுவிட்டார். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் குடியுரிமை வேண்டும். 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாலன்றி அது பிறப்பால் வராது. முகாமின் பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியிருக்கிறது. அவர் நிலை மாறவில்லை. இப்போது சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் கணக்கு எழுதுகிறாராம்.

"சரக்கு எங்கே போகிறது?" என்று கேட்டோம்.

"கூடுதலா ஜெர்மனிக்குத்தான், ஐயா" என்றார். அம்மம்மாவைப் பற்றிக் கேட்கலாமா என்று நாம் தயங்கிக்கொண்டிருந்தபோதே பேருந்து வந்துவிட்டது.